மலைக்கு வசந்தம் பிந்தியே வரும்

மார்ச் மாதம் பிறந்ததும் இங்கிலாந்து மக்கள் வசந்தம் வந்துவிட்டதென்று கூறுவர். பள்ளத்தாக்குகளில் மஞ்சள் மலர்கள் தலைகாட்டும். புல்வெளிகளில் ஆட்டுக்குட்டிகள் துள்ளும். பகற்பொழுது நாளுக்கு நாள் நீண்டு வரும். தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் இதே காலத்துக்கு வேறு பெயர் உண்டு. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம்; சித்திரையும் வைகாசியுமே இளவேனில். இங்கிலாந்தின் பள்ளத்தாக்கில் நின்று பார்ப்பவனுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் பொருந்தும். அங்குள்ள மலைமேல் ஏறிப் பார்ப்பவனுக்கோ நம் முன்னோர் இட்ட பெயரே பொருந்தும். இவ்விரு பெயர்களுக்கும் இடையே இருப்பது ஈராயிரம் மூவாயிரம் அடி உயரமே. அந்தச் சிறு உயரத்திலே மனித உயிர்கள் பல மாண்டிருக்கின்றன. அவை ஏன் மாண்டன என்பதை மனிதர் செவ்வையாக அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. அவ்வரலாற்றையே இன்று சுருங்கக் கூற விழைகின்றேன்.

1805ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சார்ள்ஸ் கஃப் என்னும் இளைஞர் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தில் ஹெல்வெலின் மலையைக் கடக்கப் புறப்பட்டார். அம்மலையின் உயரம் 3,118 அடி. துணையாக அவருடன் சென்றது ஒரு நாய் மட்டுமே. அவர் திரும்பவில்லை. மூன்று மாதங்கள் கழிந்தபின், மலைச்சரிவிலே நாய் குரைக்கும் ஒலி கேட்டு இடையன் ஒருவன் சென்று பார்த்தான். எஞ்சியிருந்த எலும்புகளின் அருகே அந்த நாய் அப்போதும் காவல் இருந்தது. கஃப் செங்குத்தான பாறை முகட்டிலிருந்து வீழ்ந்து இறந்தார் என்று கொள்ளப்பட்டது. அதே ஆண்டிற் கவிஞர் வேட்ஸ்வேத்தும் வால்டர் ஸ்கொட்டும் அம்மலைக்குச் சென்றனர். இருவரும் அந்நிகழ்ச்சியைப் பாடினர். நாயின் நன்றியுணர்வு கவிதையாயிற்று. பின்னர் ஓவியமும் ஆயிற்று. ஏப்ரல் மாதத்தில் ஒரு மலைமுகடு எத்தகைய இடம் என்னும் வினாவுக்குக் கவிதை விடை கூறுவதில்லை. அதற்கு விடைகாண வெப்பமானியும் பாரமானியும் மலை ஏறவேண்டியிருந்தன.

வானிலையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி பிரித்தானியாவிற் கடலை நோக்கியே தொடங்கியது. கடற்படைத் தளபதியாக விளங்கிய ரொபேட் பிட்ஸ்ரோய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நாளிதழ் மூலம் பொதுமக்களுக்கு முதன்முறையாக வானிலை முன்னறிவிப்பு வழங்கினார். 1859ஆம் ஆண்டில் 'ரோயல் சாட்டர்' என்னும் கப்பல் புயலில் உடைந்து பல நூறு பேர் மாண்டமை அவரைப் புயலெச்சரிக்கை முறையை அமைக்கத் தூண்டியது. மாலுமிக்கு எச்சரிக்கை பிறந்துவிட்டது. மலைநடையாளனுக்கு இன்னும் பிறக்கவில்லை.

மலையுச்சியின் காலநிலையை நாள்தோறும் அளக்க முன்வந்தவர் கிளெமென்ட் ராக் என்பவர். ஸ்கொத்லாந்திலுள்ள பென் நெவிஸ் பிரித்தானியத் தீவின் மிக உயர்ந்த மலையாகும். அதன் உயரம் 1,345 மீற்றர். 1881ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரையும், மறு ஆண்டு அதே காலத்திலும், ராக் நாள் தவறாது அம்மலையில் ஏறி இறங்கினார். அவர் உச்சியிற் கருவிகளைப் படித்த அதே வேளையில், அடிவாரத்திலுள்ள போட் வில்லியம் ஊரில் அவருடைய மனைவியார் மற்றொரு தொகுதிக் கருவிகளைப் படித்தார். உச்சி ஒன்று, அடிவாரம் ஒன்று, நேரம் ஒன்றே. உயரம் காலநிலையை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அறிய இதனினும் நேரான வழி இல்லை.

அவ்வுழைப்பின் பயனாக 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மலையுச்சியிலே நிரந்தரமான அவதான நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 1904ஆம் ஆண்டு பணமின்மையால் மூடப்படும் வரையில், அங்கு தங்கியிருந்தோர் மணிக்கொருமுறை, இரவிலும் பனிப்புயலிலும், வெளியே சென்று அளவுகளைக் குறித்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அவர்கள் குறித்துவைத்த ஏடுகள் கூறுவன வியப்பூட்டும். ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே நின்றது. ஆண்டு மழைவீழ்ச்சியோ 4,000 மில்லிமீற்றரை எட்டியது. கொழும்பு நகரில் ஓராண்டிற் பொழிவதைக் காட்டிலும் அது மிகுதி. அடிவாரத்து வயல்களில் வசந்தம் தொடங்கிய மார்ச் மாதத்தில் உச்சியிலே நடுக்குளிர்காலம் நிலவியது.

உயரம் கூடக் கூட வெப்பம் குறைவதை நம் நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்பவர் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயருகிறார். சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸிலிருந்து 16 பாகை அளவுக்கு இறங்குகிறது. ஆயினும் நம் மலைநாட்டில் அந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக இருக்கும். பிரித்தானிய மலைகளில் அது பருவத்துக்குப் பருவம், ஏன், காலைக்கும் மாலைக்கும் இடையிலுங்கூட மாறும். அம்மாற்றம் வசந்தத்தில் மிகக் கூர்மையாக இருப்பதை நுணுகி ஆராய்ந்தவர் கோர்டன் மான்லி என்னும் புவியியல் அறிஞர்.

இங்கிலாந்தின் முதுகெலும்பு போல வடக்குத் தெற்காக ஓடுவது பெனைன் மலைத்தொடர். அதன் வடபகுதியிலுள்ள கிரேட் டன் ஃபெல் என்னும் 2,780 அடி உயர முகட்டின்மேல், 1937ஆம் ஆண்டில் மான்லி ஒரு சிறு குடிலை அமைத்துக் கருவிகளை நிறுவினார். அங்குள்ள காலநிலை ஐஸ்லாந்தின் கடற்கரைக் காலநிலையை ஒத்திருப்பதை அவர் கண்டார். தென்றல் வீசும் ஆங்கில நாட்டுப்புறத்திலிருந்து சில மணி நேரம் நடந்தால் ஐஸ்லாந்தை அடைந்துவிடலாம் என்பதே இதன் பொருள்.

அதே மலைச்சரிவில் வீசுவது 'ஹெல்ம்' என்னும் காற்று. பிரித்தானியாவில் தனிப்பெயர் பெற்ற காற்று இஃதொன்றே என்பர். வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று மலைமுகட்டைத் தாண்டி, மேற்குச் சரிவில் அருவிபோல் இறங்கும். முகட்டின்மேல் தலைக்கவசம் வைத்தாற்போல ஒரு மேகம் அசையாது கிடக்கும். அடிவாரத்து ஊர்களில் காற்று நின்று உலுக்கும். சில மைல் அப்பாற் சென்றாலோ அமைதி நிலவும். குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலுமே இக்காற்று மிகுதி. பாறையைத் தாண்டும் ஆற்றுநீர் அப்பால் அலையலையாக எழுவதுபோல, மலையைத் தாண்டும் காற்றும் நிலைத்த அலைகளாக எழுந்து விழுகிறது என்று மான்லி தம் அவதானங்களைக் கொண்டு 1945ஆம் ஆண்டில் விளக்கினார்.

வசந்தத்தின் தொடக்கத்தில் இம்மலைகளின் காலநிலை நிலையற்றதாக இருப்பதற்குரிய காரணங்களை இங்கு தொகுத்துக் கூறலாம். அக்காலத்தில் ஞாயிற்றின் வெம்மை நாளுக்கு நாள் ஏறுகிறது. கடலோ ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த நிலையில் இருக்கிறது. வடதுருவப் பகுதியிலிருந்து இறங்கும் காற்று, வெயிலாற் சூடேறிய நிலத்தின்மேல் வந்ததும் கீழே வெதும்பி மேலெழுகிறது. அதனால் ஒரு மணி நேரம் வெயிலும், அடுத்த மணி நேரம் ஆலங்கட்டியும் பனித்தூவலும் மாறி மாறி வரும். அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அப்போது ஓய்ந்துவிடுவதில்லை. மலை அக்காற்றைத் தடுத்து மேலே உயர்த்துகிறது. உயர்ந்த காற்று குளிர்ந்து முகிலாகி மழையாகிறது. முகட்டிற் காற்றின் வேகம் பள்ளத்தாக்கில் உள்ளதைவிடப் பன்மடங்காகும். ஆகவே கீழே தூறல் என்பது மேலே கொட்டும் மழை. கீழே இளங்காற்று என்பது மேலே புயல். கீழே மழை என்பது மேலே பனி.

இத்தகைய மலைகளுக்கு மக்கள் செல்லாதிருந்தால் இவை அறிஞரின் ஏடுகளோடு நின்றிருக்கும். ஆனால் அவர்கள் சென்றனர்; பெருந்திரளாகவே சென்றனர். பெனைன் தொடரின் தென்கோடியிலுள்ள பீக் மாவட்டத்தின் ஒரு பக்கம் மான்செஸ்டர், மறுபக்கம் செபீல்ட். ஆறு நாளும் பஞ்சாலைப் புழுதியிலும் உருக்காலைப் புகையிலும் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை தூய காற்றைத் தரக்கூடிய இடம் அம்மலை மேடுகளே. அவையோ வேட்டைக்காகச் செல்வர் வேலியிட்டு வைத்திருந்த நிலங்கள். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பல நூறு தொழிலாளர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டில் ஏறினர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1951ஆம் ஆண்டில் பீக் மாவட்டம் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. மலையில் நடக்கும் உரிமையை மக்கள் போராடிப் பெற்றனர். அந்த மலையோடு பழகும் அறிவையோ இனிமேற்றான் அவர்கள் பெறவேண்டியிருந்தது.

இங்கு நாட்காட்டியும் ஒரு சூழ்ச்சி செய்கிறது. குளிர்காலம் கழிந்தபின் உழைக்கும் மக்களுக்குக் கிடைக்கும் முதல் நீண்ட விடுமுறை உயிர்த்த ஞாயிறுப் பெருநாளாகும். அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே வரும். மாதக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள், உடற்பயிற்சி குறைந்திருக்கும் வேளையில், பகல் நீண்டதை நம்பி, மலையின் மிக ஏமாற்றும் பருவத்தில் அதை நாடிச் செல்கின்றனர். வானொலி 1922ஆம் ஆண்டிலேயே வானிலையை ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. ஆயினும் அவ்வறிவிப்புகள் பெரும்பாலும் ஊர்களில் வாழ்வோருக்கு உரியவை. 2,000 அடி உயரத்தில் நடப்பவன் அவற்றைத் தனக்கேற்ப மாற்றிப் பொருள்கொள்ள வேண்டும். அவ்வாறு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர் சிலரே.

இனி, இவ்வரலாற்றின் துயரமான ஏட்டுக்கு வருவோம்.

1957ஆம் ஆண்டு முதல் டாபி நகரைச் சேர்ந்த திரிசாரணர், பீக் மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு நெடுநடைப் போட்டியை நடத்தி வந்தனர். நான்கு பழைய மலைவிடுதிகளின் வழியே செல்வதால் அது 'நான்கு விடுதி நடை' எனப்பட்டது. தூரம் ஏறத்தாழ நாற்பது மைல். வழியிற் பிளீக்லோ, கிண்டர் ஸ்கௌட் முதலிய மேடுகள் உள்ளன. இவற்றின் உயரம் 2,100 அடிக்கும் குறைவே. பனிமலைகளைக் கண்டவர் இவற்றை மலையென்று சொல்லவும் தயங்குவர். ஆனால் மேலே பரந்து கிடப்பது முற்றா நிலக்கரிச் சேற்றுநிலம். நீர் அரித்த கருநிறப் பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் வளைந்து வளைந்து செல்லும்; ஒதுங்க ஒரு மரமோ பாறையோ காணுதல் அரிது; மூடுபனி சூழ்ந்தால் திசை மயங்கும்.

1964ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அப்போட்டி தொடங்கியது. இருநூறுக்கு மேற்பட்ட இளைஞர் சிறுசிறு குழுக்களாகப் புறப்பட்டனர். பனிமலை ஏறுவோர் கடுங்குளிர் என்று சொல்லக்கூடிய நாளன்று அது. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் இருந்தது. ஆனால் மழை விடாது பெய்தது. பலத்த காற்றும் வீசியது. புறப்பட்டோரில் மிகச் சிலரே நடையை முடித்தனர். மற்றவர்கள் ஒவ்வொருவராக இடையில் விலகினர். மூன்று இளைஞர் குளிர் தாக்கி இறந்தனர். அவர்கள் நோயாளரல்லர், நல்ல உடல்வலிமை உடையவர்கள். பாறையிலிருந்து வீழ்ந்தவருமல்லர். வீதியிலிருந்து சில மைல் தூரத்தில், பெருநகர்களின் நடுவே, வசந்தமென்று பெயர் பெற்ற ஒரு மாதத்தில், நடந்துகொண்டிருந்தபடியே அவர்கள் உயிர் ஒடுங்கியது. மீட்புப் பணிக்குப் பலர் திரண்டனர். ஆனால் யார் எங்கே தேடுவது, யாருடைய ஆணைப்படி தேடுவது என்பதை முன்னரே வகுத்துவைத்த ஒழுங்கு ஒன்றும் இருக்கவில்லை.

அம்மரணங்களின் காரணத்தை ஆராய்ந்தவர் கிரிபித் பியூ என்னும் உடற்றொழிலியல் அறிஞர். 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை முதன்முதலாக வென்ற குழுவில் அறிவியலாளராகச் சென்றவர் அவரே. குளிர்நீரிலே நெடுநேரம் நீந்தும் ஆங்கிலக் கால்வாய் நீச்சல் வீரரையும் அவர் ஆராய்ந்திருந்தார். உலகின் உச்சியை அறிந்தவர், ஈராயிரம் அடி மேட்டில் நிகழ்ந்த மரணத்தை விளக்க முன்வந்தார். 1964ஆம் ஆண்டிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் அவருடைய ஆய்வு வெளிவந்தது.

அவர் கண்ட உண்மை எளியது. அதனாலேயே அச்சம் தருவது. நம்மைக் குளிரிலிருந்து காப்பது உடையின் துணியன்று, அதனுள் அடைபட்டிருக்கும் அசையாத காற்று. மழை அக்காற்றை வெளியேற்றி அவ்விடத்தில் நீரை நிரப்புகிறது. நீரோ அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடையின்மேல் காற்றும் வீசுமாயின், உலர்ந்திருந்தபோது அது தந்த காப்பில் மிகச் சிறு பங்கே எஞ்சும். அக்காலத்தில் நடையாளர் பலர் அணிந்த பருத்திக் காற்சட்டை விரைவில் நனைந்து உடலோடு ஒட்டிக்கொண்டது. மேலங்கி காற்றைத் தடுத்தாலும் நெடுமழையைத் தடுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். அப்படியானால் அன்று நடந்த அனைவரும் இறந்திருக்க வேண்டுமே? பியூவின் விளக்கம் இங்கேதான் சிறப்புப் பெறுகிறது. விரைந்து நடப்பவன் உடல், சும்மா இருப்பவன் உடலைவிட ஐந்து மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிறப்பிக்க வல்லது. அவன் ஈர உடையோடும் தன்னைக் காத்துக்கொள்வான். ஆனால் களைப்பு மேலிட்டு நடை தளர்ந்ததும் வெப்பம் பிறப்பது குறைகிறது. வெப்பம் இழப்பதோ குறைவதில்லை. உடல் குளிர்கிறது, குளிர்வதால் மேலும் தளர்கிறது, தளர்வதால் மேலும் குளிர்கிறது. 37 பாகை செல்சியஸ் இருக்கவேண்டிய உட்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கியதும் நடை தடுமாறும், பேச்சுக் குழறும், சிந்தை கலங்கும். தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் சாதிப்பான். சிலவேளை சினந்தும் பேசுவான். நண்பர்கள் அதைப் பிடிவாதமென்று எண்ணி, 'இன்னும் சிறிது தூரம்தான், நட' என்று ஊக்குவர். அந்த ஊக்கமே அவனுக்கு முடிவாக அமைந்துவிடும். நடுக்கம் நின்றுபோவதைக் கண்டு குளிர் விட்டதென்று நினைப்பது அதனினும் பெரும் பிழை. உடல் போராட்டத்தைக் கைவிட்டதன் அடையாளம் அது.

ஈரம், காற்று, களைப்பு ஆகிய இம்மூன்றும் கூடினால் உறைநிலைக்கு மேலேயும் மனிதன் குளிரால் இறப்பான். அதுவரை மலைநடையாளர் அஞ்சியது பனியையும் பாறையையும். இனி அஞ்சவேண்டியது மார்ச் மாத மழை என்பது தெளிவாயிற்று.

இவ்வறிவு வீண்போகவில்லை. அதே 1964ஆம் ஆண்டிலேயே பீக் மாவட்டத்து மீட்புக் குழுக்களை ஒன்றிணைக்கும் அமைப்பு உருவாயிற்று. நான்கு விடுதி நடை பின்னரும் தொடர்ந்தது. ஆனால் கொண்டுசெல்ல வேண்டிய உடைகளுக்கும் பொருள்களுக்கும் கடும் விதிகள் வந்தன. 1966ஆம் ஆண்டில் பியூ, மலைநடையாளர் குளிர் தாக்கி வீழ்ந்த வேறு பல நிகழ்ச்சிகளையும் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டார். தளர்ந்தவனை நடக்கத் தூண்டாதே, காற்றுக்கு மறைவான இடத்தில் நிறுத்து, ஈரத்திலிருந்து காப்பாற்று, மது கொடுக்காதே என்பன மலைநடைப் பாடத்தின் அரிச்சுவடியாயின. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே எஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியே கொட்டிவிடும்.

கஃப் இறந்த ஹெல்வெலின் மலையில் இன்று வேறொரு வழக்கம் உண்டு. குளிர்காலத் தொடக்கத்திலிருந்து வசந்தம் நிலைபெறும் வரை, தேசியப் பூங்காவின் பணியாளர் ஒருவர் நாள்தோறும் அம்மலையில் ஏறுகிறார். உச்சியின் காற்றையும் வெப்பநிலையையும் பனியின் இறுக்கத்தையும் அளந்து கீழுள்ளோருக்கு அறிவிக்கிறார். 1881ஆம் ஆண்டில் ராக் தனியொருவராகத் தொடங்கிய பணி இப்போது மக்களின் உயிர்காக்கும் கடமையாக நடைபெறுகிறது. மலையுச்சிகளுக்கென்றே தனி வானிலை அறிவிப்புகளும் நாள்தோறும் வெளிவருகின்றன.

நேயர்களே, இவ்வரலாறு நமக்குத் தொலைவிலுள்ள ஒரு நாட்டின் வரலாறு. ஆனால் ஈரமும் காற்றும் களைப்பும் உடலுக்குச் செய்யும் தீங்கு எந்நாட்டுக்கும் ஒன்றே. சிவனொளிபாதமலையின் படிகளில் இரவெல்லாம் ஏறி, வியர்வையில் நனைந்த உடையோடு விடியற்காற்றில் உச்சியில் நின்றவர் எவரும் அதைச் சிறிதளவு அறிந்திருப்பர். உலர்ந்த மாற்றுடை ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லும்படி முதியோர் சொல்லும்போது, அச்சிறு சொல்லின் பின்னே பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு நிற்கிறது. பள்ளத்தாக்கில் நின்று வானத்தைப் பார்த்து மலையின் காலநிலையைக் கணிக்கலாகாது. நாட்காட்டியைப் பார்த்து அதனைக் கணிப்பது அதனினும் தவறு. வசந்தம் ஊருக்கு வந்த நாளில் மலைக்கு வந்துவிடுவதில்லை. அது வந்துசேரும் வரை பொறுத்திருப்பதும், இடையில் ஏறுவோர் குளிர்காலத்துக்குரிய ஆயத்தத்தோடு ஏறுவதும் அறிவுடைமையாகும்.